ஸ்மார்ட் டிவியில் விளம்பரமும் உளவும்: எதை அணைக்கலாம், எதை அணைக்க முடியாது

கேள்வி: போன தீபாவளிக்கு 43 அங்குல ஸ்மார்ட் டிவி ஒன்று வாங்கினோம். ஆன் செய்ததுமே பாதித் திரைக்கு ஏதோ ஒரு விளம்பரம் ஓடுகிறது. அதைத் தாண்டி செட்-டாப் பாக்ஸுக்குப் போக அப்பாவுக்குத் தெரியவில்லை. சீரியல், செய்தி எல்லாம் கேபிளில்தான் பார்க்கிறார். யூடியூபும் ஹாட்ஸ்டாரும் எப்போதாவதுதான். ஆனாலும் அவர் டிவியில் பார்த்த பொருள்களின் விளம்பரம் என் போனில் வருகிறது. டிவி ஒட்டுக்கேட்கிறதா? நெட்டைத் துண்டித்துவிட்டால் போதுமா? வீட்டில் ஜியோ ஃபைபர் இணைப்பு இருக்கிறது. — வாசகி, தென்காசி

பதில்: ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியமே டிவிக்கு இல்லை. பெரும்பாலான டிவிகளில் மைக் இருப்பது ரிமோட்டில்தான். மைக் பொத்தானை அழுத்தினால்தான் அது வேலை செய்யும். டிவியிலேயே மைக் வைத்த மாடல் என்றால் அதை அணைக்கப் பெரும்பாலும் கீழ்ப்புறத்தில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். தடவிப் பாருங்கள், இருந்தால் தள்ளிவிடுங்கள். உங்கள் வீட்டில் நடப்பது வேறாக இருக்கலாம். டிவி தன் திரையைத் தானே பார்த்துக்கொண்டிருக்கிறது.

இதற்கு 'ஆட்டோமேட்டிக் கன்டென்ட் ரெகக்னிஷன்' என்று பெயர். தொழிலில் இருப்பவர்கள் ஏசிஆர் என்பார்கள். திரையில் ஓடும் படத்திலிருந்தும் ஒலியிலிருந்தும் டிவி சின்னச் சின்ன மாதிரிகளை எடுத்து, கைரேகை போல ஒரு எண் கோவையாகச் சுருக்கி, கம்பெனியின் சர்வருக்கு அனுப்பும். அங்கே சேனல்கள், படங்கள், விளம்பரங்கள் ஆகியவற்றின் கைரேகைகள் முன்பே சேர்த்து வைக்கப்பட்டிருக்கும். இரண்டும் பொருந்தியதும், இந்த வீட்டில் இன்ன சேனலில் இன்ன விளம்பரம் முழுதாக ஓடியது என்று பதிவாகிவிடும். லண்டன், கலிஃபோர்னியா, மாட்ரிட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-ல் சாம்சங், எல்ஜி டிவிகளைச் சோதித்தார்கள். எல்ஜி 10 மில்லி விநாடிக்கு ஒருமுறை திரையைப் படம்பிடித்து 15 விநாடிக்கு ஒருமுறை அனுப்பியது. சாம்சங் 500 மில்லி விநாடிக்கு ஒருமுறை பிடித்து நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பியது. அந்தச் சோதனை பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நடந்தது. நம் ஊர் டிவியில் அளவுகள் மாறலாம், வேலை செய்யும் விதம் இதுதான்.

அதே ஆய்வில் உங்களுக்கு நேரடியாகப் பயன்படும் விஷயங்கள் இரண்டு உண்டு. நெட்ஃபிளிக்ஸ், யூடியூப் ஆப்களில் பார்க்கும்போது ஏசிஆர் இப்படி வேலை செய்யவில்லை. ஆனால் எச்டிஎம்ஐ வழியாக வரும் படத்தை டிவி விடாமல் பிடித்தது. 'நாங்கள் கேபிளில்தான் பார்க்கிறோம், டிவிக்கு என்ன தெரியும்' என்று பலர் நினைப்பது இங்கேதான் தவறிப்போகிறது. செட்-டாப் பாக்ஸின் படமும் டிவியின் திரைக்குத்தானே வந்தாக வேண்டும்! இரண்டாவது, செட்டிங்ஸில் சம்மதத்தைத் திரும்பப் பெற்றதும் அந்த ஏசிஆர் போக்குவரத்து நின்றுபோனது. அதாவது இது கண்துடைப்பு பொத்தான் அல்ல. அழுத்தினால் பலன் உண்டு.

போனில் விளம்பரம் வருவதற்கும் விளக்கம் எளிது. உங்கள் டிவியும் போனும் ஒரே ரௌட்டரில் இருக்கின்றன; வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வீடு. டிவியில் உங்கள் கூகுள் கணக்கைப் போட்டிருந்தால் ஒரே ஆள் என்றே ஆகிவிடும். அப்பாவுக்கென்று தனிக் கணக்கு ஒன்று தொடங்கி டிவியில் அதைப் போடுங்கள். முழுத் தீர்வு ஆகாது, ஆனால் உங்கள் போனுக்கும் டிவிக்கும் இடையிலுள்ள பெரிய பாலம் அறுந்துவிடும்.

டிவி கம்பெனிகளுக்கு இதில் ஏன் இத்தனை அக்கறை என்றால், டிவி விற்று வரும் லாபம் மெலிந்துவிட்டது. அமெரிக்காவில் விசியோ என்ற கம்பெனிக்கு 2021-லேயே டிவி விற்பனையை விட விளம்பரம், தரவுப் பிரிவில் மொத்த லாபம் அதிகம் வந்தது. அதே கம்பெனிதான் 1.1 கோடி டிவிகளில் பார்ப்பவருக்குத் தெரியாமல் தகவல் திரட்டியதற்காக 2017-ல் 22 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. நம் ஊர் டிஆர்பி கணக்கெடுப்பிலும் வீட்டில் மீட்டர் வைக்கிறார்கள். ஆனால் அது தேர்ந்தெடுத்த வீடுகளில், வீட்டுக்காரரின் சம்மதத்தோடு. ஸ்மார்ட் டிவியில் அந்தச் சம்மதம் எங்கே வாங்கப்பட்டது தெரியுமா? டிவியை மாட்ட வந்த பையன், வேலை சீக்கிரம் முடியட்டும் என்று, 'அக்செப்ட் ஆல்' அழுத்தினானே, அப்போது.

இனி வேலைக்கு வருவோம். அப்பாவின் பிரச்சினையை முதலில் தீர்த்துவிடலாம், அதுதான் சுலபம். ஆன் செய்ததும் ஹோம் ஸ்கிரீன் வராமல் நேராக செட்-டாப் பாக்ஸ் வர வைத்தால் அந்தப் பெரிய விளம்பரத்தை அவர் பார்க்கவே வேண்டியதில்லை. கூகுள் டிவியாக இருந்தால் செட்டிங்ஸில் 'சிஸ்டம்', அதற்குள் 'பவர் & எனர்ஜி', அதில் 'பவர் ஆன் பிஹேவியர்' என்று இருக்கும்; அதை 'லாஸ்ட் யூஸ்டு இன்புட்' ஆக்குங்கள். சாம்சங்கில் 'ஆட்டோரன் ஸ்மார்ட் ஹப்', 'ஆட்டோரன் லாஸ்ட் ஆப்' இரண்டையும் அணைக்க வேண்டும். இரண்டாவதை விட்டுவிட்டால், கடைசியாகப் பார்த்த ஆப்பில் போய் நிற்கும். எல்ஜியில் 'ஹோம் செட்டிங்ஸ்' உள்ளே 'ஹோம் ஆட்டோ லாஞ்ச்'. ஃபயர் டிவியில் 'டிஸ்ப்ளே & சவுண்ட்ஸ்', 'பவர் கன்ட்ரோல்ஸ்', 'பவர் ஆன்'.

இந்த வசதி உங்கள் மாடலில் இல்லையென்றால் எச்டிஎம்ஐ-சிஇசி என்பதைத் தேடுங்கள். சாம்சங்கில் அதன் பெயர் 'எனிநெட்+', எல்ஜியில் 'சிம்ப்லிங்க்', சோனியில் 'பிராவியா சிங்க்'. டிவியிலும் பாக்ஸிலும் இது இயங்கினால், பாக்ஸ் ரிமோட்டை அழுத்தியதும் டிவி தானே விழித்து அந்த எச்டிஎம்ஐ-க்கு மாறும். அப்பாவுக்கு ஒரே ரிமோட் போதும். பாக்ஸ் பழையதாகி, சிவப்பு, மஞ்சள், வெள்ளை ஏவி ஒயரில் இணைத்திருந்தால் இது நடக்காது. அந்த ஒயரில் சிஇசி சமிக்ஞை போகாது. எச்டி பாக்ஸாக மாற்றிக்கொள்வதுதான் வழி.

அடுத்து உளவை அணைப்பது. நீங்கள் பிராண்டை எழுதாததால் பரவலாக உள்ளவற்றைச் சொல்கிறேன். மெனுவின் பெயர்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. அதே பாதை கிடைக்காவிட்டால் 'வியூவிங் இன்ஃபர்மேஷன்', 'இன்ட்ரஸ்ட்-பேஸ்டு', 'பிரைவசி' என்ற சொற்களைக் கண் தேடட்டும்.

சாம்சங்: 'ஆல் செட்டிங்ஸ்', 'ஜெனரல் & பிரைவசி', 'டெர்ம்ஸ் & பிரைவசி', 'பிரைவசி சாய்சஸ்'. அங்கே 'வியூவிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்' என்பதுதான் ஏசிஆர். பெயரைப் படித்தால் டிவி பார்க்கவே அது வேண்டும் போலத் தோன்றும். டிக்கை எடுங்கள், ஒன்றும் ஆகாது. கூடவே 'இன்ட்ரஸ்ட்-பேஸ்டு அட்வர்டைஸ்மென்ட்ஸ்' டிக்கையும். பழைய மாடல்களில் இவை 'சப்போர்ட்' மெனுவில் 'டெர்ம்ஸ் & பாலிசீஸ்' என்ற பெயரில் இருக்கும்.

எல்ஜியில் இரண்டு இடத்தில் கை வைக்க வேண்டும், பலர் ஒன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். 'ஜெனரல்', 'சிஸ்டம்', 'அடிஷனல் செட்டிங்ஸ்' போய் 'லைவ் பிளஸ்' என்பதை அணையுங்கள்; ஏசிஆர் ஒளிந்திருப்பது இந்தப் பெயரில்தான். அதே பக்கத்தில் 'அட்வர்டைஸ்மென்ட்' உள்ளே விளம்பரக் கண்காணிப்பைக் கட்டுப்படுத்தும் தேர்வு, 'ஹோம் செட்டிங்ஸ்' உள்ளே 'ஹோம் புரொமோஷன்', 'கன்டென்ட் ரெகமண்டேஷன்', புதிய மாடல் என்றால் ஸ்கிரீன் சேவரில் வரும் விளம்பரத்துக்கான 'ஸ்கிரீன் சேவர் புரொமோஷன்' எல்லாம் இருக்கும். அத்தனையையும் அணையுங்கள். பிறகு 'யூசர் அக்ரிமென்ட்ஸ்' பக்கத்தைத் தனியாகத் திறந்து, 'வியூவிங் இன்ஃபர்மேஷன்', 'வாய்ஸ் இன்ஃபர்மேஷன்', விளம்பரம் தொடர்பான ஒப்பந்தங்கள் ஆகியவற்றின் டிக்கை எடுங்கள். முதல் ஒப்பந்தத்தை மட்டும் விட்டுவையுங்கள். அதை எடுத்தால் ஆப்கள் திறக்காது.

கூகுள் டிவி, ஆண்ட்ராய்டு டிவியில் கவனிக்க வேண்டியது: கூகுளின் மெனு வேறு, டிவி கம்பெனியின் மெனு வேறு. கூகுள் பக்கம் 'பிரைவசி' உள்ளே 'ஆட்ஸ்' போய் 'டிலீட் அட்வர்டைசிங் ஐடி' அழுத்துங்கள்; 'யூசேஜ் & டயக்னாஸ்டிக்ஸ்' அணையுங்கள். பழைய ஆண்ட்ராய்டு டிவியில் 'ஆட்ஸ்' என்பது 'டிவைஸ் பிரிஃபரன்சஸ்', 'அபௌட்', 'லீகல் இன்ஃபர்மேஷன்' என்று மூன்றடுக்குக்கு உள்ளே இருக்கும். ஏசிஆர் இருந்தால் அது கம்பெனியின் பக்கத்தில் இருக்கும். சோனியில் 'சாம்பா இன்டராக்டிவ் டிவி' என்று தென்பட்டால் அதுதான்.

ஃபயர் டிவி: 'பிரிஃபரன்சஸ்', 'பிரைவசி செட்டிங்ஸ்' உள்ளே இருக்கும் மூன்றையும் அணையுங்கள். 'ஃபீச்சர்டு கன்டென்ட்' உள்ளே வீடியோ, ஆடியோ தானாக ஓடுவதையும் நிறுத்துங்கள். விளம்பரம் மறையாது, ஆனால் சத்தம் போடாமல் அசையாப் படமாக நிற்கும். ராத்திரி பத்து மணிக்கு அதுவே பெரிய நிம்மதி.

இத்தனை செய்த பிறகும் விளம்பரத்தின் எண்ணிக்கை பெரிதாகக் குறைந்திருக்காது. 'இன்ட்ரஸ்ட்-பேஸ்டு' விளம்பரத்தை அணைத்தால் உங்களைப் பற்றித் தெரிந்துகொண்டு காட்டுவது நிற்கும். பொதுவான விளம்பரம் அதே இடத்தில் வரும். எண்ணிக்கையைக் குறைப்பது தனி வேலை.

கூகுள் டிவியில் அதற்கு முதல் வழி 'ஆப்ஸ் ஒன்லி மோட்'. 'அக்கவுண்ட்ஸ் & சைன்-இன்' போய், கணக்கின் பெயரைத் திறந்தால் இருக்கும். போட்டதும் சிபாரிசு வரிசைகள் போய் ஆப்கள் மட்டும் நிற்கும். உச்சியில் ஒரு பேனர் மிஞ்சலாம். அசிஸ்டென்ட்டைக் கேட்டுத் தேடும் வசதி போய்விடும், அப்பா மைக்கில் பேசித் தேடுபவர் என்றால் யோசித்துச் செய்யுங்கள். அந்தப் பேனரும் கூடாது என்பவர்கள் பிளே ஸ்டோரில் 'புரொஜெக்டிவி' போன்ற மாற்று லாஞ்சர் (வேறொரு ஹோம் ஸ்கிரீன் தரும் ஆப்) போடுகிறார்கள். ஹோம் பொத்தானை அது பிடித்துக்கொள்ள 'அக்சஸிபிலிட்டி' அனுமதி கேட்கும். திரையில் உள்ளதையெல்லாம் படிக்கத் தரும் அனுமதி அது. பிளே ஸ்டோரில் உள்ள, பெயர் தெரிந்த ஒன்றுக்கு மட்டும் கொடுங்கள். ஒருவனைத் துரத்த இன்னொருவனிடம் சாவியைக் கொடுத்ததாகிவிடக் கூடாது.

இரண்டாவது வழி டிஎன்எஸ், அதாவது இணையப் பெயருக்கு உரிய எண் முகவரியைத் தேடித் தரும் சேவை. விளம்பர சர்வரின் முகவரியை டிவி கேட்கும்போது 'அப்படி ஒன்று இல்லை' என்று பதில் சொல்லும் இலவச டிஎன்எஸ் சேவைகள் இருக்கின்றன. அட்கார்டு டிஎன்எஸ் அவற்றில் ஒன்று. அதன் எண்கள் 94.140.14.14, 94.140.15.15. டிவியின் வைஃபை செட்டிங்ஸில் உங்கள் நெட்வொர்க்கைத் திறந்து 'ஐபி செட்டிங்ஸ்' போங்கள். சாம்சங்கில் டிஎன்எஸ் எண்ணை மட்டும் மாற்றலாம். ஆண்ட்ராய்டில் 'ஸ்டேட்டிக்' என்று வைத்தால்தான் மாற்ற விடும். அப்போது ஐபி (டிவியின் முகவரி), கேட்வே (ரௌட்டரின் முகவரி) எல்லாம் கேட்கும். டிவியில் இப்போது காட்டும் ஐபி முகவரியை முன்னதாகவே ஒரு தாளில் குறித்துக்கொண்டு அதையே போடுங்கள். ஜியோ ரௌட்டரில் கேட்வே பொதுவாக 192.168.29.1, 'பிரிஃபிக்ஸ் லென்த்' 24. ரௌட்டரிலும் அந்த ஐபியை டிவிக்கென்று ஒதுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒருநாள் வேறொரு போனுக்கு அதே எண் போய் இரண்டும் மாறி மாறித் துண்டிக்கப்படும்.

இதில் வழுக்கும் இடங்கள் இரண்டு. 'டிஎன்எஸ் 2' கட்டத்தில் முன்பே 8.8.4.4 என்று கூகுளின் எண் இருக்கும். அதை அப்படியே விட்டுவிடுவார்கள். டிவி சில சமயம் இரண்டாவது எண்ணிடம் கேட்கும், அது பதில் சொல்லிவிடும், விளம்பரம் திரும்ப வரும். இரண்டு கட்டத்திலும் அட்கார்டு எண்களே இருக்கட்டும். இரண்டாவது ஐபிவி6, அதாவது பழைய ஐபிவி4-க்குப் பின் வந்த புதிய இணைய முகவரி முறை. ஜியோவில் இது பொதுவாக இயங்கிக்கொண்டிருக்கும். நீங்கள் மாற்றியது ஐபிவி4 டிஎன்எஸ். டிவி ஐபிவி6 வழியாக ரௌட்டரிடமே கேட்டுக்கொண்டால் உங்கள் தடுப்பு வாசலில் நிற்க, அது கொல்லைப்புறமாகப் போய்விடும். ரௌட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் லேன் (வீட்டுக்குள்ளான நெட்வொர்க்) ஐபிவி6-ஐ அணைக்கும் தேர்வு இருந்தால் அணைத்துப் பாருங்கள். எல்லாம் மாற்றியதும் டிவியை ரிமோட்டில் அல்ல, சுவிட்சிலேயே அணைத்து, ஒரு நிமிடம் விட்டுப் போடுங்கள். பழைய பேனர் டிவியின் நினைவில் தேங்கியிருக்கும். புதிதாக ஆன் செய்ததும் விளம்பர இடம் வெறும் சாம்பல் கட்டமாக நின்றால் வேலை நடக்கிறது.

டிஎன்எஸ் தடுப்பால் சில சமயம் ஆப் ஸ்டோரில் லாகின் ஆகாது, அப்டேட் இறங்காது. விளம்பரத்தோடு வரும் இலவச ஆப்கள் சில, விளம்பரம் வரவில்லையென்றால் படத்தையும் ஓட்டாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்போது டிஎன்எஸ்ஸை 'ஆட்டோமேட்டிக்' ஆக்கி வேலையை முடித்துவிட்டுத் திரும்ப மாற்றுங்கள். ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில் பை-ஹோல் என்ற விளம்பரத் தடுப்பு மென்பொருளை நிறுவினால் எதைத் தடுப்பது, எதை விடுவது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். டிவி எந்தெந்த சர்வரைத் தேடுகிறது என்ற பட்டியலும் கண்முன் ஓடும். ஆனால் அது 24 மணி நேரமும் ஓட வேண்டும். மெமரி கார்டு போய்விட்டால் வீட்டில் எல்லாருக்கும் 'நெட் இல்லை' என்று ஆகிவிடும். அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத வீட்டுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

யூடியூப் விளம்பரத்தை டிஎன்எஸ் தொடாது. வீடியோ வரும் அதே சர்வரிலிருந்துதான் விளம்பரமும் வருகிறது. ஒன்றைத் தடுத்தால் இரண்டும் நிற்கும். நேரலை கிரிக்கெட்டில் ஓவருக்கு இடையே வரும் விளம்பரமும் ஏறக்குறைய அப்படித்தான். அதற்குச் சந்தா கட்டலாம், அல்லது லேப்டாப்பில் விளம்பரத் தடுப்பானோடு பார்த்து எச்டிஎம்ஐ-யில் இணைக்கலாம். பிளே ஸ்டோருக்கு வெளியே கிடைக்கும் ஆப்களைப் போடச் சொல்லிப் பலர் ஆலோசனை தருவார்கள். அவற்றில் யூடியூபை விளம்பரமின்றி ஓட்டும் புகழ்பெற்ற ஸ்மார்ட்டியூபின் கையொப்பச் சாவியே (ஆப் அசல்தான் என்று காட்டும் டிஜிட்டல் முத்திரை) 2025 நவம்பரில் களவு போய், தீம்பொருள் கலந்த பதிப்பு பரவியது. பெற்றோர் வீட்டு டிவிக்கு அது வேண்டாம்.

நெட்டைத் துண்டித்தால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். கேபிள் மட்டும் பார்க்கிற வீட்டுக்கு அதுதான் ஆகச் சுத்தமான வழி. ஏசிஆர் எடுத்த கைரேகை வெளியே போக வழி இருக்காது. வைஃபையை வெறுமனே அணைக்காமல் 'ஃபர்கெட் நெட்வொர்க்' கொடுங்கள். விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் பாஸ்வேர்டு போட்டுவிடுவார்கள் என்றால் ரௌட்டரிலேயே அந்த டிவியின் மேக் முகவரியை (கருவியின் தனி அடையாள எண்) தடுத்துவிடலாம். ஃபேக்டரி ரீசெட் செய்து, ஒப்பந்தப் பக்கத்தில் கட்டாயமில்லாத எதற்கும் சம்மதிக்காமல் முடியுங்கள். கூகுள் டிவி என்றால் தொடக்கத்தில் 'பேசிக் டிவி' என்று ஒரு தேர்வு தரும். அதைத் தேர்ந்தெடுத்தால் கூகுள் கணக்கு கிடையாது, ஆப் கிடையாது, எச்டிஎம்ஐயும் ஆன்டெனாவும் மட்டும். சாஃப்ட்வேர் அப்டேட் தேவைப்பட்டால் பல கம்பெனிகள் பென் டிரைவில் போட வழி தருகின்றன.

யூடியூபுக்கு மட்டும் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வாங்கி எச்டிஎம்ஐ-யில் செருகிக்கொள்ளுங்கள். அதற்கு மட்டும் வைஃபை கொடுங்கள். ஸ்டிக்கும் தன் பங்குக்குத் தகவல் திரட்டும். ஆனால் கேபிளில் அப்பா பார்ப்பது அதற்குத் தெரியாது. பிடிக்காவிட்டால் டிவியை மாற்றாமல் ஸ்டிக்கை மட்டும் மாற்றலாம். உங்கள் வீட்டுக்கு இதையே சொல்வேன். ஒன்று மட்டும்: எல்லா ஓடிடியும் இலவசம் என்று சொல்லி விற்கும் பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பாக்ஸை வாங்க வேண்டாம். அத்தகைய பாக்ஸ்களில் கடையிலிருந்து வரும்போதே புகுத்தப்பட்டிருந்த 'பேட்பாக்ஸ் 2.0' என்ற தீம்பொருளைப் பற்றி அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 ஜூனில் எச்சரித்தது. விளம்பரத்துக்குப் பயந்து அதை வாங்கினால் உங்கள் நெட் இணைப்பையே யாரோ வாடகைக்கு விட்டுக்கொண்டிருப்பார்கள்.

இந்தியாவில் 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. கம்பெனிகளின் முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாதம் அவகாசம். இப்போதைக்கு ரிமோட்தான் கையில் இருக்கிறது.

டிவியை நெட்டில் வைத்திருக்கவே முடிவு செய்தால், ஒவ்வொரு பெரிய அப்டேட்டுக்குப் பிறகும் மேலே சொன்ன பக்கங்களை ஒருமுறை திறந்து பாருங்கள். புதிய ஒப்பந்தம் என்று திரையை மறைத்து ஒன்று வரும். 'அக்செப்ட் ஆல்' பளிச்சென்று நீலத்தில், மற்றது மங்கலாக ஓரத்தில் இருக்கும். அப்படி ஏதாவது வந்தால் ஓகே அழுத்தாமல் 'பேக்' பொத்தானை அழுத்தச் சொல்லி அப்பாவிடம் காட்டி வையுங்கள். அதிலும் போகாவிட்டால் அந்தத் திரையை அப்படியே போட்டோ எடுத்து உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.